வெறும் சூட்டினாலேயே அணுஉலைக் கலனின் எஃகு நொறுங்குமா?

உலோகவியல் மாணவி:
நியூட்ரான் பட்டு, உலையின் மையத்தைத் தாங்கும் அழுத்தக் கலனின் எஃகு இறுகி நொறுங்கும் தன்மை அடைவது புரிகிறது. ஆனால் உலை ஓடும்போது இருக்கும் 290 டிகிரி செல்சியஸ் எஃகுக்குப் பெரிய சூடில்லையே? 40 வருஷம் அப்படியே இருந்தால் என்ன ஆகும்?

சார்பி மேசை:
சூடு குறைவுதான், ஆனால் காலம் நீளம். அந்தச் சூட்டிலும் அணுக்கள் மெல்ல நகரும். கலனின் எஃகில் உள்ள பாஸ்பரஸ், உலோகத்தின் சிறு படிகத் துகள்கள் ஒட்டும் எல்லைகளுக்குப் போய்ச் சேர்ந்தால் பிணைப்பு தளரும். பாஸ்பரஸைக் குறைத்துச் செய்த எஃகில் இந்த விளைவு சிறியது. அங்கே நியூட்ரான்தான் முதல் எதிரி. இப்படி நீண்ட காலச் சூட்டால் எஃகு கெடும் வெப்ப முதுமையை நிஜமாகக் காண, வார்ப்புத் துருவேறா எஃகில் செய்த குழாய்களையும் பம்ப் உறைகளையும் பாருங்கள். அதன் ஃபெரைட் பகுதி (எஃகுக்குள் கலந்திருக்கும் ஒருவகைப் படிக அமைப்பு) குரோமியம் மிகுந்ததாகவும் இரும்பு மிகுந்ததாகவும் பிரிந்துவிடும். சார்பி சோதனையில் பழைய மாதிரியைச் சுத்தியலால் மோதி உடைக்கும்போது அது உறிஞ்சும் ஆற்றல் சரிவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு பதறும். ஆய்வகத்தில் 40 வருஷம் காத்திருக்க முடியாது. அதனால் 400 டிகிரியில் சில ஆயிரம் மணி நேரம் வைத்துக் கணக்கிடுவோம்.

உலோகவியல் மாணவி:
சரி, இதைத் திருப்ப முடியுமா?

வெல்டிங்காரர்:
கலனில் முடியும். பின்லாந்தின் லோவீசா 1 உலையில் 1996-ல் கலனைச் சுற்றியுள்ள வெல்டு வளையத்தைச் சுமார் 475 டிகிரிக்குச் சூடாக்கி அதன் உறுதியை மீட்டார்கள்.

சார்பி மேசை:
ஆனால் வார்ப்பு எஃகின் ஃபெரைட்டுக்கு அதே 475 டிகிரி கெடுதல். அதை மீட்க 550 டிகிரி வேண்டும். எந்த எஃகு என்று கேட்காமல் சூடேற்றவே கூடாது.