புதுப்பிப்பு: அம்மாவின் கால் வலிக்கு எபிடியூரல் ஊசி போட்டாச்சு

இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இழுக்கிற வலிக்கு (எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம், அதாவது கீழ் முதுகின் 4, 5-வது எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது) முதுகில் எபிடியூரல் ஊசி (தண்டுவட நரம்புகளைச் சுற்றியுள்ள இடத்தில் மருந்து செலுத்துவது) போடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

போட்டாச்சு. அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை நரம்பு வேர் பக்கம் கொண்டுபோனார்கள். முதலில் கொஞ்சம் சாயமருந்து, அது சரியான இடத்தில் பரவுவதைப் பார்த்த பிறகுதான் ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து). அன்றே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சாயங்காலம் வலி திரும்பவும் வந்ததும் அம்மா அழுதேவிட்டார். "மரத்துப்போகும் மருந்து சில மணி நேரத்தில் இறங்கிவிடும், ஸ்டீராய்டு வேலை செய்ய 2 முதல் 7 நாள் ஆகலாம், பதறாதீங்க" என்று இங்கே ஒரு நர்ஸ் அக்கா எழுதியிருந்ததைத்தான் படித்துக் காட்டினேன். அப்படியே நடந்தது. அந்த வாரக் கடைசியில் கால் இழுப்பு பாதிக்கு மேல் குறைந்தது. பாதத்து மதமதப்பு மட்டும் இன்னும் இருக்கிறது.

எதிர்பாராதது, ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியதுதான். வழக்கமாக 140-ல் நிற்பது 280 வரை ஏறி, சில நாள் கழித்தே இறங்கியது. சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரை அளவை முன்னாடியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் கட்டாயம் சொல்லணும். இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

டிஸ்க் பிதுக்கத்தை ஊசி சரிசெய்யாது, நரம்பு வீக்கத்தைத்தான் தணிக்கும் என்றார் டாக்டர். அதனால் பிசியோதெரபி ஆரம்பித்திருக்கிறோம்.