நிறம் பார்த்து மாத்திரை போடும் பெரியவர்கள்: எப்படிச் சொல்லித் தருவது?

வீடுதேடி:
வணக்கம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறோம். எழுபது தாண்டியவர்கள் பலருக்கு அட்டையில் இருக்கும் ஆங்கிலம் தெரியாது. "காலைல வெள்ளை, ராத்திரி மஞ்சள்" என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வேறு கம்பெனி மாத்திரை வந்தால் நிறம் மாறிவிடுகிறது. பழையது மிச்சமிருந்தால் இரண்டையும் போட்டுவிடுகிறார்கள். டப்பாவில் பிரித்துப் போடலாமா, அட்டையிலேயே குறி போடலாமா? வாரம் ஒருமுறை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு என்ன கவனிக்க வேண்டும்?

மருந்துக்கடை:
நிறத்தை மறக்க வைக்கிறதுதான் முதல் வேலை. டெல்மா 40, டெல்மிகைண்ட் 40 ரெண்டுமே டெல்மிசார்டன்ங்கிற பிரஷர் மருந்து. கிளைகோமெட் ஜிபி 1, ஜெமர் 1 ரெண்டுலயும் அதே கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மருந்துகள். இதை இரட்டிப்பா போட்டா சுகர் இறங்கி மயங்கிடுவாங்க. புது அட்டை கொடுக்கிறப்ப பழைய அட்டையைக் கையில வாங்கி மூலப்பெயரை, அதாவது கம்பெனி வச்ச பெயர் இல்லாம உள்ள இருக்கிற மருந்தோட பெயரை, ஒத்துப் பாருங்க. ஒண்ணா இருந்தா பழையதை முடிச்ச பிறகுதான் புதுசு.

குறி போட அழியாத மார்க்கர் போதும். காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. சாப்பிடும் முன்னாடின்னா வெறும் வட்டம், பின்னாடின்னா வட்டத்துக்குள்ள புள்ளி. பெயர், காலாவதி தேதி மேல மட்டும் கோடு விழக் கூடாது. தேதி பெரும்பாலும் ஒரு ஓரத்துலதான் இருக்கும், அதனால எதிர்முனையிலிருந்து பிய்க்கப் பழக்குங்க.

டப்பா வச்சா 7 நாளுக்கு மேல நிரப்பாதீங்க. வலிப்புக்குக் கொடுக்கிற சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை இழுக்கும், அட்டையிலேயே இருக்கட்டும். அதுக்காக அட்டையை ஒவ்வொண்ணாக் கத்தரிச்சு டப்பாவுல போடுறது இன்னும் மோசம். கண் மங்கலானவங்க கவரோட விழுங்கிடுவாங்க, கூர் ஓரம் உணவுக்குழாயைக் கிழிக்கும்.

வார்டு_சிஸ்டர்:
வார மாத்திரைல ரொம்ப பயப்பட வேண்டியது மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட். தினமும் போட்டா வாய்ப்புண், வெள்ளணு குறைவு, உயிருக்கே ஆபத்து. ஃபோலிட்ராக்ஸ்னு ஒரு பிராண்டு இருக்கு. பெயரைக் கேட்டா ஃபோலிக் ஆசிட் மாதிரி தோணும், ஆனா அது மெத்தோட்ரெக்சேட். தனி டப்பா, மேல கிழமையைத் தமிழ்ல பெருசா எழுதி, வீட்டுல இன்னொருத்தர் கையில கொடுத்துடுங்க. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் போடுறவங்க காலைல வெறும் வயித்துல, ஒரு முழு டம்ளர் பச்சைத் தண்ணியோட விழுங்கணும். அப்புறம் 30 நிமிஷம் படுக்கவே கூடாது.

இன்சுலின்ல சிரிஞ்சு மூடியைப் பாருங்க. சிவப்பு மூடி ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. இன்சுலின் பேனாவுக்குள்ள போடுற கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 100. பேனா கெட்டுப்போச்சுன்னு அதுலேர்ந்து சிவப்பு மூடி சிரிஞ்சுல 10 கோடு வரைக்கும் உறிஞ்சினா உடம்புக்குப் போறது 25 யூனிட். கண்ணாடிக் குப்பியில வர்ற இன்சுலின்னாலே 40ன்னும் நம்பாதீங்க, லேபிள்ல எண்ணைப் படிங்க.

களப்பணி:
ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனா "புரிஞ்சுதா பாட்டி?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டிடுவாங்க. "இப்ப ராத்திரி எட்டு மணி, எந்த அட்டையை எடுப்பீங்க? எடுத்துக் காட்டுங்க"ன்னு கேளுங்க. அடுத்து, "மறந்துட்டா?" அடுத்த வேளைக்கு ரெண்டாப் போடுவேன்னு பதில் வந்தா மறுபடி முதல்லேர்ந்து. "கிருத்திகை, ஏகாதசி விரதம்னா?" இதை யாரும் கேட்கிறதில்லை. சாப்பிடாம கிளிமிபிரைடு போட்டுட்டு மதியம் நடுங்கி வேர்த்துக் கிடப்பாங்க. விரதத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வைக்கணும். நடுக்கம் வந்தா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கரைச்சுக் கொடுத்து, 15 நிமிஷத்துல மறுபடி சுகர் பார்க்கணும். நினைவில்லாதவங்க வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108ஐக் கூப்பிடுங்க.

வீடுதேடி:
நன்றி. தைராய்டு மாத்திரையைக் காபியோட போடுகிறவர்கள் இருக்கிறார்களே?

மருந்துக்கடை:
காபி உறிஞ்சலைக் குறைக்கும். எழுந்ததும் தண்ணியோட மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சுக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. மதியச் சாப்பாட்டோட வச்சுட்டா கணக்கு போட வேண்டாம்.