யோவான் 14:28-ஐ வாலிபர்களுக்கு எப்படி விளக்குவது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் யோவான் சுவிசேஷம் படிக்கிறோம். "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" (10:30) வரை சிக்கல் இல்லை. 14:28-ல் "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று வந்ததும் ஒரு தம்பி, "அப்போ இயேசு ஒரு படி கீழதானே அண்ணா?" என்றான். உடனே ஒரு தங்கச்சி, "இல்ல, இயேசுதான் பிதா, ரெண்டு பேரே கிடையாது" என்றாள். அப்படியானால் கெத்செமனேயில் யாரிடம் ஜெபித்தார் என்றதும் கூட்டமே கப்சிப்.

தம்பி கேட்டது ஏறக்குறைய அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ் சொன்னதுதான், 325-ல் பிஷப்புகள் கூடிய நிசேயா சங்கம் அதைத் தள்ளியது என்று சொன்னேன். உடனே, "கான்ஸ்டன்டைன் ராஜா ஓட்டெடுப்பு நடத்தித்தான் இயேசுவைத் தேவனாக்கினார்" என்கிறார்கள். எல்லாம் யூடியூப் உபயம்! ஆனால் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று சுமார் 112-லேயே ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதியிருக்கிறார். நிசேயாவோடு சண்டை ஓயவும் இல்லை. ஆரியுஸின் போதனையை எதிர்த்த பிஷப் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே ஆரியுஸ் பக்கம் சாய்ந்த பிஷப்.

வரலாற்றைச் சமாளித்துவிடுவேன். வசனத்துக்குத்தான் உதவி வேண்டும். 14:28 மனுஷனாகத் தாழ்த்திக்கொண்ட நிலையைச் சொல்கிறதா (பிலிப்பியர் 2), இல்லை குமாரன் பிதாவினிடமிருந்து வருகிறவர் என்பதையா? சபைப் பிதாக்களில் இரண்டு விளக்கமும் உண்டு. போதகர்கள், இறையியல் படித்தவர்கள் நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? எளிய தமிழில் பாடக்குறிப்பு இருந்தாலும் அனுப்புங்கள். தண்ணீர், ஐஸ், நீராவி உதாரணம் மட்டும் வேண்டாம், அது அந்தத் தங்கச்சி பக்கம்தான் கொண்டுபோய் விடும். ஞாயிறு மாலை கூட்டம், சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.