மறுமொழி: தலையான பாவங்களில் முதலாவதுக்கு எந்தச் சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

திங்கட்கிழமை நம் கத்தோலிக்க மறைக்கல்விக் கையேடு அச்சுக்குப் போகிறது. தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கானது. மற்றப் பாவங்களுக்கெல்லாம் மூலமான ஏழு தலையான பாவங்களில் ஆறுக்குச் சொல் முடிந்துவிட்டது. முதலாவதில்தான், அதாவது தன்னையே பெரிதாக நினைக்கிற பாவத்தில்தான், பத்து நாளாக நிற்கிறோம்.

பழைய ஞானோபதேசத்தில் (மறைக்கல்விப் பாடத்தில்) அகங்காரம் என்றுதானே இருந்தது, ஏன் மாற்ற வேண்டும் என்று காரைக்குடி அண்ணன் கேட்டிருந்தார். எங்கள் அப்பத்தாவும் அப்படித்தான் ஒப்பிப்பார். ஆனால் இங்கே அக்கம்பக்கமெல்லாம் சைவ சமயத்தார். அவர்கள் கணக்கில் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும் அந்தக்கரணம். கருவிகள், குற்றம் அல்ல. ஆணவம் இன்னும் சிக்கல். அது செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டியே இருக்கிற மலம், அதாவது அழுக்கு. நாம் சொல்வதோ மனிதன் அறிந்து, விரும்பிச் செய்கிற பாவம். ஆணவம் என்று போட்டால் பிறவியிலேயே வரும் ஜென்மப் பாவத்துக்கும் இதற்கும் வேறுபாடு சொல்லவே ஒரு வகுப்பு போய்விடும்.

பெருமிதம் கூடவே கூடாது. தொல்காப்பியத்தில் அது எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) ஒன்று. கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ்மை, கொடை என்று நல்ல இடங்களில் பிறப்பது. வள்ளுவரே 431ஆம் குறளில் அதை உயர்த்திவிட்டு 979ஆம் குறளில் தள்ளுகிறார்.

என் ஓட்டு செருக்குக்கு. 'யான் எனது என்னும் செருக்கு' என்ற குறளே போதும். கள் குடித்தவன் கண் செருகுகிறதே, அதுவும் இதுவும் ஒரே வேர் என்றுதான் எனக்குப் படுகிறது. தன்னையே குடித்து மயங்கிய நிலை. தமிழாசிரியர் ஐயா இதை ஏற்கவில்லை. செரு என்றால் போர், ஆகவே கடவுளோடு மல்லுக்கு நிற்பது என்கிறார். அதுவும் இந்தப் பாவத்துக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

அப்புறம், ஒரு சொல் போதாது. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசரான பெரிய கிரகோரியார் செருக்கை எல்லாவற்றுக்கும் வேராகத் தனியே வைத்துவிட்டு, ஏழில் ஒன்றாக வீண்புகழ்ச்சியை வைத்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாசும் அப்படியே. இரண்டும் ஒன்றாகக் கலந்தது பிறகுதான்.

இந்த வேறுபாடு வகுப்பிலேயே வந்தது. "கல்யாணத்துல வளவு நெறையச் சாமான் பரப்பி வைக்கிறாகளே, அது பாவமா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வளவு என்றால் வீட்டின் உள்முற்றப் பகுதி; அங்கே பித்தளை அண்டாவிலிருந்து கரண்டி வரை வரிசையாக அடுக்கியிருப்பதை அது பார்த்திருக்கிறது. மகளுக்குக் கொடுத்ததைப் பெற்றவர்கள் மகிழ்ந்து காட்டுவதில் பாவம் இல்லை என்றேன். ஊர் பேச வேண்டும் என்றே பரப்பினால் அது வீண்புகழ்ச்சி. 'இதெல்லாம் என்னால் வந்தது, கடவுளுக்குக்கூட நான் கடன்படவில்லை' என்று உள்ளே நினைத்தால் அதுதான் செருக்கு. அதற்கு ஒரு கரண்டிகூட வெளியே தெரிய வேண்டாம். "அப்ப தலைக்கனம்னு சொல்லுங்க சார்" என்றது அந்தப் பிள்ளை.

அதனால் 'செருக்கு (தலைக்கனம்)' என்றும், வீண்புகழ்ச்சியைத் தனி வரியாகவும் போட்டிருக்கிறேன். பெரும்பாலோர் சரி என்றுவிட்டீர்கள். அண்ணன் இன்னும் அகங்காரத்தை விடவில்லை. அடைப்புக்குறிக்குள் பேச்சுச் சொல் வேண்டாம் என்கிறார் ஐயா; பிள்ளைகளுக்குப் புரிந்த ஒரே சொல்லை நீக்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு இரவு வரை நேரம் இருக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.