முதுமலைல பசங்களுக்கு என்ன வாங்கலாம்? சொல்லுங்க மக்களே

லீவுக்கு பசங்கள கூட்டிட்டு முதுமலை போறோம், தெப்பக்காடு முகாம்ல யானைக்கு களி உருண்டை ஊட்டுறத பாத்துட்டு அப்படியே கூடலூர் வழியா ஊட்டி. ஆளுக்கு 200 ரூபா, அதுக்குள்ள புடிச்சத வாங்கிக்கோங்கன்னு சொல்லியாச்சு. பெரியவனுக்கு யானைதான் வேணுமாம், சின்னவ கண்ணுல படுறதெல்லாம் கேப்பா. ரப்பர் புலி, பிளாஸ்டிக் பைனாகுலர் எல்லாம் நம்ம ஊரு திருவிழாலயே கெடைக்கும், அதுக்கு எதுக்கு மலையேறணும்?

காட்டையே அடைச்சிட்டு கெடக்குற உண்ணிச்செடிய வெட்டி, குச்சிய வேகவெச்சு தோல உரிச்சு பழங்குடி மக்கள் யானை செய்றாங்கல்ல, அதுல கையடக்கமா சின்னது எங்கயாவது கெடைக்குமா? அப்புறம் தோடர் எம்பிராய்டரி, வெள்ளத் துணில செவப்பு கருப்பு நூல்ல போடுறது, 2013லயே புவிசார் குறியீடு வாங்குனது. சால்வை நம்ம பட்ஜெட்டுக்கு ஆகாது (அவங்க உழைப்புக்கு அந்த வெல நியாயம்தான்), குட்டி பர்ஸ், புக்மார்க் மாதிரி இருந்தா பாப்பாவுக்கு போதும். செஞ்சவங்களுக்கே காசு போற கடையா இருந்தா ரொம்ப நல்லது.

வர்க்கி, சாக்லேட் எங்க வாங்கணும்னு எனக்கே தெரியும், அத விட்ருங்க 😄 மசினகுடி, கூடலூர் பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் கடை பேரு, வெல சொல்லுங்க ப்ளீஸ், ஞாயித்துக்கிழம தொறந்திருக்குமான்னும் சேத்து சொல்லிருங்க.