திருமணத்துக்குப் பிறகும் இரவு நேர வலோரன்ட்: வீட்டோடு எப்படிப் பொருத்திக்கொள்கிறீர்கள்?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த தை மாதத்தில் எனக்குத் திருமணம் நடந்தது. ஈரோட்டில் கணவர், மாமனார், மாமியார் ஆகியோருடன் ஒரே வீட்டில் வசிக்கிறேன். கோவையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன்.

கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்குக் கணினி விளையாட்டுகளில் ஈடுபாடு உண்டு. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் விடுதியை மூடிவிட்டு எங்களை ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பியபோது, அப்போதுதான் வெளிவந்திருந்த, ஐவர் ஐவராக அணி சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான வலோரன்ட்டை வகுப்புத் தோழிகள் நால்வரும் நானும் சேர்ந்து ஆடத் தொடங்கினோம். இன்று ஒருத்தி பெங்களூரில் இருக்கிறாள், ஒருத்தி மஸ்கட்டில் இருக்கிறாள், மற்ற இருவரும் சென்னையில் வெவ்வேறு ஷிப்டுகளில் வேலை செய்கிறார்கள். எங்கள் நட்பு இன்றுவரை விட்டுப்போகாமல் இருப்பதற்கு அந்த ஐவர் அணிதான் காரணம். இரவு பத்து மணிக்கு மேல்தான் எல்லோருக்கும் நேரம் ஒழிகிறது.

என் கணவர் ஒருநாளும் விளையாடக் கூடாது என்று சொன்னதில்லை. ஆனால் அண்மையில் ஓர் இரவு, "நீ ஹெட்செட்டை மாட்டிக்கொண்ட பிறகு இந்த அறையில் நான் இருக்கிறேனா என்பதே உனக்குத் தெரிவதில்லை" என்றார். கோபமில்லாமல் சொன்னார், அதனாலேயே அது எனக்குக் கூடுதலாக உறைத்தது. மாமியாருக்கு வேறொரு அச்சம். கணினி விளையாட்டு என்றாலே அவருக்கு ஆன்லைன் ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு நள்ளிரவுவரை யாருடனோ சத்தமாகப் பேசுவதை உறவினர்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்றும் கவலைப்படுகிறார்.

என் கணவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரிக்கெட் ஆடப் போய் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அவர் ஆடிவிட்டு வரும் முகத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கும். என் விளையாட்டையும் இந்த வீடு அதே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். இதை விட்டுவிடும் எண்ணம் எனக்கில்லை. அவருடைய வருத்தத்தைக் கண்டும் காணாமல் இருக்கவும் மனம் வரவில்லை. திருமணமான பிறகும் தொடர்ந்து விளையாடுகிறவர்கள் இதை எப்படி அமைத்துக்கொண்டீர்கள்?

---

மூன்றாம் மாடி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் சென்னையில் இருக்கிறேன். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்றும் விளையாடுகிறேன்.

இப்படிப்பட்ட கேள்விக்கு எல்லோரும் முதலில் "தினமும் எத்தனை மணி நேரம் ஆடுகிறீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். அந்த நேரம் எப்படிப்பட்டது என்பதை அதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வலோரன்ட்டின் வழக்கமான போட்டியில் 13 சுற்றுகளை முதலில் வெல்லும் அணிதான் ஜெயிக்கும். 12-12 என்று சமமாகிவிட்டால் ஆட்டம் இன்னும் நீளும். ஒரு மேட்ச் அரை மணி நேரத்தில் முடியலாம், முக்கால் மணி நேரத்தையும் தாண்டலாம். அதை நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. எழுந்து போனால் உங்கள் ஆட்டத் தரத்தைக் காட்டும் ரேங்க் புள்ளி குறையும், அடுத்த ஆட்டத்தில் சேரச் சிறிது காலம் தடை விழும், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் தோழிகள் நால்வரும் ஆள் குறைந்து தோற்பார்கள். ஆகவே மேட்ச் தொடங்கிய நொடியிலேயே, வீட்டில் யார் கூப்பிட்டாலும் திருப்பி எடுக்க முடியாத ஒரு நேரத்தை நீங்கள் நான்கு பேருக்கு வாக்காகக் கொடுத்துவிடுகிறீர்கள். அந்த நேரத்தில் கணவர் அழைத்து, "இதோ வருகிறேன்" என்று நீங்கள் சொன்னால், அது ஐந்து நிமிடமா முப்பது நிமிடமா என்பது உங்களுக்கே தெரியாது. பெரும்பாலான வீடுகளில் மனத்தாங்கல் அந்தக் காத்திருப்பில்தான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டில் இரண்டு ஏற்பாடுகள் உதவின. முதலாவது, எத்தனை மணிக்கு முடிப்பேன் என்று சொல்வதை நிறுத்திவிட்டு, எத்தனை மணிக்குப் பிறகு புதிய மேட்ச் தொடங்கமாட்டேன் என்று சொல்லத் தொடங்கினேன். மேட்ச் முடியும் நேரம் நம் கையில் இல்லை. தொடங்கும் நேரம் நம் கையில்தான் இருக்கிறது. பதினொரு மணிக்குப் படுக்க வேண்டுமென்றால் பத்தேகாலுக்குப் பிறகு அடுத்ததைத் தொடக்கூடாது. இரண்டாவது, ரேங்க் ஆட்டத்துக்கு வாரத்தில் குறிப்பிட்ட இரவுகளை மட்டும் ஒதுக்கி, அவை எவை என்று வாரத் தொடக்கத்திலேயே மனைவியிடம் சொல்லிவிடுவேன். மற்ற இரவுகளில் எந்த நொடியிலும் எழுந்து வரக்கூடிய விளையாட்டுகள் மட்டும்தான்.

அப்படிப்பட்டவை நிறையவே இருக்கின்றன. வலோரன்ட்டிலேயே ஸ்விஃப்ட்பிளே முறையில் 5 சுற்றுகளை வென்றால் போதும், கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். பண்ணை நடத்தும் விளையாட்டான ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் என்பது ஏறத்தாழ 14 நிமிடம். அந்த நாளை முடித்து உறங்கப் போகும்போது ஆட்டம் தானாகச் சேமிக்கப்படுகிறது. ப்ளேஸ்டேஷன் 5 இருந்தால், அதை ரெஸ்ட் மோட் எனப்படும் உறக்க நிலையில் வைத்துவிட்டுப் போய் மறுநாள் விட்ட இடத்திலேயே தொடரலாம். எங்களுக்கு முதல் குழந்தை பிறந்த காலத்தில் ஒரு மணி நேரம்வரைகூட இழுத்துவிடும் அணி விளையாட்டான டோட்டா 2ஐ ஒதுக்கிவைத்துவிட்டு, தனியாக ஆடும், பெரும்பாலும் எங்கு வேண்டுமானாலும் சேமித்துக்கொள்ளக்கூடிய விட்சர் 3ஐ எடுத்தேன். குழந்தை அழுத இரவுகளில் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போக முடிந்தது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பிறகு, சனிக்கிழமை இரவுகளில் மட்டும் டோட்டாவுக்குத் திரும்பினேன்.

---

வைகைவாசி எழுதியது:

நான் விளையாடுகிறவள் அல்லள், விளையாடுகிறவரின் மனைவி. அதனால் உங்கள் கணவர் சொன்ன சொல் எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

என் கணவர் நண்பர்களோடு இணையத்தில் கால்பந்து விளையாட்டு ஆடுவார். அவர் ஆடுகிறார் என்பது எனக்கு ஒரு பொருட்டே அல்ல. பகல் முழுவதும் அலுவலகக் களைப்பில் ஓரிரு சொற்களோடு நிறுத்திக்கொண்டவர், ஹெட்செட்டை மாட்டியதும் எனக்குத் தெரியாத மனிதர்களோடு வாய்விட்டுச் சிரிப்பார். யாருடைய பேச்சுக்குச் சிரிக்கிறார் என்பது எனக்குக் கேட்காது. அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை என்பதுதான் வலித்தது. அதை அவரிடம் வெளிப்படையாகச் சொன்ன பிறகு, ஆட்டம் தொடங்குவதற்கு முன் சிறிது நேரம் ஸ்பீக்கரில் போட்டு நண்பர்களை என்னோடு பேசவைத்தார். இன்று அவர்களில் யாருடைய தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், யார் வேலை மாறப்போகிறார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். உங்கள் தோழிகள் உங்கள் திருமணத்துக்கு வந்திருப்பார்கள் அல்லவா? அவர்களைக் கணவரோடு பேசவையுங்கள், மாமியாரோடும் பேசவையுங்கள். "யாருடனோ" என்ற சொல்லில்தான் அத்தையின் அச்சம் இருக்கிறது. அந்த இடத்தில் நான்கு பெயர்களும் நான்கு குரல்களும் வந்துவிட்டால் அது பெருமளவு தணியும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். உங்கள் கணினி மேசை படுக்கையறையிலேயே இருக்கிறதா? இருக்கிறதென்றால், அவர் உறங்க முயலும்போது திரையின் வெளிச்சமும் மெக்கானிக்கல் கீபோர்டின் படபடப்பும் உங்கள் பேச்சும் ஒரே அறையில்தான் இருக்கும். ஓசை குறைந்த கீபோர்டு வாங்குவதும், மேசையை முன்னறைக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பதும் சிறிய காரியங்களாகத் தோன்றலாம். எங்கள் வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்ததற்கு மேசை இடம் மாறியதே காரணம்.

---

பழம்பாதை எழுதியது:

அம்மா, வயதில் மூத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன ஏற்பாடுகள் நல்லவைதான். ஆனால் அவை நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து, ஒருவர் மௌனத்தை மற்றவர் படிக்கக் கற்றுக்கொண்ட தம்பதியருக்குப் பொருந்துபவை. நீங்கள் இருவரும் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். கூட்டுக் குடும்பத்தில் புதிதாக மணமானவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளக் கிடைப்பது இரவு பத்து மணிக்கு மேல்தான், அந்த நேரத்தையே உங்கள் விளையாட்டும் கேட்கிறது. முதல் ஓராண்டுக்கு ரேங்க் ஆட்டத்தை நிறுத்திவைத்து, தோழிகளோடு போன் பேச்சோடு இருந்துவிட்டால் என்ன? ரேங்க்கை அடுத்த ஆண்டுகூட ஏற்றிக்கொள்ளலாம்.

---

உறையூர் எழுதியது:

திருச்சியில் மனநல ஆலோசகராகப் பணிபுரிகிறேன். மேலே பெரியம்மா சொன்னதில் ஒரு பகுதியை முழுமையாக ஏற்கிறேன்: பத்து மணிக்கு மேல் கிடைக்கும் அந்த நேரம் உங்கள் இருவருக்கும் அரியது. ஆனால் ஓராண்டு முழுமையாக நிறுத்துவது என்ற ஆலோசனையோடு எனக்கு உடன்பாடில்லை. புகுந்த வீட்டுக்கு வந்த பெண் பிறந்த ஊரையும் பழகிய மனிதர்களையும் ஏற்கெனவே விட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு மிச்சமிருக்கும் நட்பு வட்டத்தையும் ஒதுக்கச் சொன்னால், அந்தத் தனிமையின் சுமை பிறகு கணவர் ஒருவர் மேல்தான் விழும். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டை ஓராண்டு நிறுத்திவைக்கும்படி அவரிடம் யாரும் சொல்லப்போவதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது அடிமைத்தனமாகிவிட்டதோ என்று வீட்டில் யாரேனும் கேட்டால், தெளிவாகப் பதில் சொல்ல முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. அங்கே மணிக்கணக்கு அளவுகோலாக வைக்கப்படவில்லை. ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற கடமைகளையும் விருப்பங்களையும் விட அதற்கு முதலிடம் தருவது, கேடு விளைவதைக் கண்ட பிறகும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்து, பொதுவாகக் குறைந்தது 12 மாதங்கள் நீடித்தால்தான் அப்படிக் கருதுகிறார்கள். உங்கள் பதிவில் அதன் சாயலே இல்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்கேனும் அந்த மூன்றும் பொருந்துமானால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு 2014 முதல் இயங்கி வருகிறது.

மூன்றாம் மாடி நண்பர் சொன்னதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளில் ஈடுபட்ட 349 தம்பதியரிடம் நடத்திய ஆய்வை 2012இல் வெளியிட்டார்கள். மணவாழ்வின் நிறைவைக் குலைத்தது விளையாடிய நேரத்தின் அளவைவிட, அதையொட்டி எழுந்த சண்டைகளும், இருவரும் ஒரே நேரத்தில் படுக்கைக்குப் போக முடியாமையும்தான் என்பது அதன் முக்கிய முடிவு. ஆகவே உங்கள் வீட்டில் முதலில் காக்கப்பட வேண்டியது உறங்கப் போகும் நேரம்.

மாமியாரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளைத் தமிழ்நாட்டு நாளிதழ்களில் பல ஆண்டுகளாகப் படித்துவரும் தலைமுறை அது. அந்த மரணங்களைத் தொடர்ந்துதான் 2022இல் நம் சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் திறன் போட்டிகளைத் தனியே அங்கீகரித்திருக்கிறது. இந்த வேறுபாட்டை அவருக்கு விளக்க வேண்டியவர் உங்கள் கணவர். மருமகள் சொன்னால் அது வாதமாகக் கேட்கும். மகன் சொன்னால் செய்தியாகக் கேட்கும். ஆட்டத்தில் வரும் துப்பாக்கிகளின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின் போன்றவற்றைச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்தக் கணக்கைக் கணவர் முன்னதாகவே அறிந்திருப்பது நல்லது.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இந்தப் பதில்களை நானும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். வைகைவாசி அக்கா எழுதியதைப் படித்ததும், "இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றார்.

செவ்வாய், வெள்ளி இரவுகளை ரேங்க் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்வது என்றும், ஒன்பதரைக்கே தொடங்கி, பத்தேகாலுக்குப் பிறகு புதிய மேட்ச் தொடுவதில்லை என்றும் பேசியிருக்கிறோம். இதற்காகத் தோழிகள் அரை மணி நேரம் முன்னதாக வர ஒப்புக்கொண்டார்கள். சென்னைத் தோழிகளில் ஒருத்திக்கு மட்டும் ஷிப்டினால் வெள்ளி ஒத்துவராது. மேசையை மாடி முன்னறைக்கு மாற்றுகிறோம். அத்தையிடம் தானே பேசுவதாகக் கணவர் சொல்லியிருக்கிறார். பெரியம்மா, நீங்கள் சொன்னதையும் நாங்கள் தள்ளிவிடவில்லை. மற்ற இரவுகளில் பத்து மணிக்கு மேல் கணினியைத் திறப்பதில்லை என்பது உங்கள் பதிலைப் படித்த பிறகு நான் சேர்த்துக்கொண்டது.

ஒரே ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் என்னோடு சேர்ந்து ஏதேனும் ஆடிப் பார்க்க அவர் விரும்புகிறார். அவர் இதுவரை கேம் கன்ட்ரோலரைக் கையில் பிடித்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

---

மூன்றாம் மாடி எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. தம்பதியருக்கு என்று பலரும் முதலில் சொல்லும் பெயர் 2021இல் வந்த இட் டேக்ஸ் டூ. இருவர் மட்டுமே ஆடக்கூடிய அருமையான விளையாட்டு அது, ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு கட்டைவிரலால் நடந்துகொண்டே மறு கட்டைவிரலால் பார்வைக் கோணத்தைத் திருப்ப வேண்டும். நமக்குக் கைப்பழக்கமாகிவிட்ட இந்த வேலை புதியவரை வெகுவாகத் திணறடிக்கும், தம்மால்தான் ஆட்டம் நிற்கிறது என்று அவர் எண்ணத் தொடங்கிவிடுவார். ஓவர்குக்டும் இப்போதைக்கு வேண்டாம்; அவசர அவசரமாகச் சமைத்து அனுப்பும் அந்த ஆட்டத்தில் குரல் உயராமல் இருப்பது கடினம்.

அன்ராவல் டூவை எடுங்கள். 2018இல் வந்தது. நூலால் பிணைக்கப்பட்ட இரண்டு கம்பளிப் பொம்மைகள் பக்கவாட்டில் நகரும், பார்வைக் கோணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கடினமான தாவல் வரும்போது ஒருவர் மற்றவரைச் சுமந்துகொண்டு கடந்துவிடலாம். அது கைவந்த பிறகு ஸ்டார்டியூ வேலியை ஒரே திரையில் இருவராக ஆடலாம். 2020 இறுதியில் வந்த 1.5 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் இருக்கிறதென்றால் அதை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கீபோர்டில் ஆடுங்கள், தொடக்கத்தில் அவருக்கு அதுதான் எளிது.