கயிற்றின் மறுமுனை: ஐந்து பேரின் சாகச முகாம் அனுபவங்கள்

ராப்பெல்லிங், அதாவது கயிற்றின் துணையோடு பாறையிலிருந்து இறங்குவது. அதைச் செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பயம் முழுக்க அந்த விளிம்பில்தான். இறங்க ஆரம்பித்துவிட்டால் பாதி போய்விடும். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று பின்னால் சாய வேண்டும். உடம்போ பாறையைக் கட்டிப் பிடி என்கிறது. அதன் பேச்சைக் கேட்டு முன்னால் குனிந்தால் பாதம் வழுக்கி முழங்கால் பாறையில் இடிக்கும். உட்காருவது போல எடையைக் கயிற்றில் விட்டால்தான் பாதம் தட்டையாகப் பதியும்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா விளிம்பு வரை போய்த் திரும்பி வந்துவிட்டார். பயிற்சியாளர் "பயப்படாதீங்க" என்று சொல்லவே இல்லை. கயிறு கட்டியிருந்த இடத்துக்கு அவரைக் கூட்டிப்போனார். ஒன்று விட்டாலும் மற்றது தாங்கும்படி தனித்தனிப் பிடிமானங்கள். இறங்கும் கயிறு போக, இடுப்பில் இரண்டாவதாக ஒரு பாதுகாப்புக் கயிறு. இறங்குபவர் கையையே விட்டாலும் மேலே இருப்பவர் அதில் தாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அக்கா ஒன்றுதான் கேட்டார்: "இந்த ரெண்டாவது கயித்த யார் பிடிப்பாங்க?"

அவரே ஆளையும் தேர்ந்தெடுத்தார். எங்களோடு அதிகம் பேசாத ஒரு பையன். ஆனால் ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை பார்ப்பவன். பயிற்சியாளர் அவனுக்குப் பின்னால் கயிற்றின் மிச்சத்தைப் பிடித்து நின்றார். அக்கா இறங்கினார். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் எந்தச் சந்தேகம் என்றாலும் அந்தப் பையனிடம்தான் போனோம்.

* * *

உயரக் கயிற்றுப் பாதைகளில் பயிற்சி தருபவன் நான். அந்த அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. கருவி எவ்வளவு எடை தாங்கும் என்று நான் விளக்கும்போது பிள்ளைகள் தலையாட்டுவார்கள், கால் மட்டும் நகராது. யார் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தபின்தான் நகரும்.

ஏறும் முன் ஜோடி ஜோடியாக நின்று ஒருவரையொருவர் சோதிக்கச் சொல்வேன். ஹார்னஸ் என்கிற இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கமாக இருக்கிறதா, கீழே இழுத்தால் நழுவுகிறதா? எட்டு வடிவ முடிச்சில் இரண்டு இழைகளும் பின்னிக்கொள்ளாமல் சேர்ந்து ஓடுகின்றனவா, நுனி போதிய நீளம் விட்டிருக்கிறதா? கேரபினர் என்கிற உலோகக் கொக்கி திருகிப் பூட்டியிருக்கிறதா? கண்ணால் பார்த்தால் போதாது, கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்புறம் குரல். ஏறுபவர் "ரெடியா?" என்று கேட்டு, கீழே இருப்பவர் "ரெடி" என்று பதில் சொல்லும் வரை கால் தரையை விட்டு எழக் கூடாது.

கீழே நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டே வரும் வேலைக்கு பிலே என்று பெயர். பிரேக் பக்கத்துக் கயிற்றை (ஏறுபவர் விழாமல் நிறுத்துவது இதுதான்) பிடித்த கை எந்த நிமிடத்திலும் விடக் கூடாது, மூக்கு அரித்தாலும் சரி. வகுப்பில் ஒரு நிமிடம் அமைதியாக உட்காராத பிள்ளை இந்த வேலையில் கண் சிமிட்டாமல் மேலேயே பார்த்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முகாமில் பெரிய மாற்றம் ஏறியவர்களிடம் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கயிறு பிடித்தவர்களிடம்தான் நான் அதை அதிகம் கண்டிருக்கிறேன்.

நடுக்கத்தைப் பற்றியும் ஒன்று. பாதி உயரத்தில் ஒரு கால் தானாகத் தடதடவென்று ஆட ஆரம்பிக்கும். மலையேறுபவர்கள் இதைத் தையல் மிஷின் கால் என்பார்கள். பயந்துவிட்டோம் என்று நினைத்து இன்னும் பயப்படுவார்கள். குதிகாலைத் தூக்கி விரலிலேயே நெடுநேரம் நின்றால் கெண்டைக்கால் தசை களைத்துப் போய் ஆடும். பதற்றமும் சேர்ந்தால் ஆட்டம் கூடும். குதிகாலைக் கீழே இறக்கி, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்வேன். பெரும்பாலும் நின்றுவிடும். கீழே நிற்கும் நண்பர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டால் அவர்களே "குதிகால், குதிகால்" என்று நினைவுபடுத்துவார்கள். "உன்னால முடியும்" என்று கத்துவதைவிட இது எவ்வளவோ உதவி.

* * *

எனக்குக் கிடைத்த அனுபவம் வேறு. சிறு வயதில் போன ஒரு முகாமில், உயரமான கம்பத்தின் உச்சியில் நின்று எதிரே தொங்கும் கம்பியைத் தாவிப் பிடிக்கும் சவால் இருந்தது. பாதியிலேயே இறங்கிவிடுகிறேன் என்றேன். விடவில்லை. கீழே மொத்தக் கூட்டமும் என் பெயரைச் சொல்லிக் கைதட்டி, பத்து வரை எண்ணியது. தாவினேன். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். எனக்கு அவர்கள் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. உயரத்தின் மீதிருந்த பயம் கூடியதுதான் மிச்சம், கூடவே கூட்டத்தின் மீதும் ஒரு பயம்.

பெரியவளான பிறகு அலுவலகக் குழுவோடு இன்னொரு முகாமுக்குப் போனேன். அங்கே முதல் கேள்வியே "இன்னைக்கு எதுவரைக்கும் போறீங்க? நீங்களே சொல்லுங்க" என்பதுதான். மூன்றாவது படி என்றேன். மூன்றாவது படியில் நிறுத்தி, "இறங்கணுமா, இன்னொண்ணு பார்க்கலாமா?" என்றார்கள். இறங்கலாம் என்பது நிஜமாகவே இருந்ததால் இன்னொன்று ஏற முடிந்தது. உச்சிக்குப் போகவில்லை. அதைப் பற்றி ஒருவரும் பேசவும் இல்லை. கீழே வந்ததும் அடுத்தவருக்குக் கயிறு பிடித்தேன்.

* * *

மேலே எழுதிய சகோதரிக்கு: "எதுவரைக்கும் போறீங்க?" என்ற அந்தக் கேள்வி ஏதோ ஒரு முகாமின் நல்ல மனசு மட்டுமல்ல, இந்தத் துறையின் கொள்கையே அதுதான். எதை, எதுவரை முயல்வது என்பதை ஏறுபவரே முடிவு செய்ய வேண்டும். 1971-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய ப்ராஜெக்ட் அட்வென்ச்சர் என்ற சாகசக் கல்வி அமைப்பில் கார்ல் ரான்கி இதைப் பரவலாக்கினார். அதற்கு முன்பே, 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவியில் கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோல்ட்டும் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் கப்பல் மூழ்கியபின் உயிர்ப்படகுகளில் இளம் மாலுமிகள் மனம் தளர்ந்துபோகிறார்கள் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. உடல் பலம் இருந்தும் அவர்கள் ஏன் தாங்கவில்லை என்ற கேள்வியிலிருந்து பிறந்த பயிற்சி இது. பத்து வரை எண்ணித் தள்ளிவிடுவதற்கு இதில் இடமே இல்லை.

எனக்குப் பிடித்த சவால் உயரமே இல்லாதது. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இரண்டு கம்பிகள், ஆரம்பத்தில் நெருக்கமாக, போகப் போக விலகிக்கொண்டே. ஆளுக்கு ஒரு கம்பியில் எதிரெதிராக நின்று, உள்ளங்கைகளை ஒட்டவைத்து நகர வேண்டும். விரல்களைக் கோத்துக்கொள்ளக் கூடாது, விழும்போது மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். விழுந்தால் தாங்க நண்பர்கள் கூடவே நடந்து வருவார்கள். எல்லோரும் முதலில் இடுப்பை வளைத்து, தன் கம்பியில் தான் சமாளிக்கப் பார்ப்பார்கள். கொஞ்ச தூரத்திலேயே விழுவார்கள். உடம்பை நேராக வைத்து முழு எடையையும் எதிராளியின் கையில் சாய்த்தவர்கள்தான் தூரம் போவார்கள். என்னோடு நின்றவர் எனக்குப் பல வருடம் மேலதிகாரி. "சார், இன்னும் சாயுங்க, நான் இருக்கேன்" என்று அவரிடம் சொல்ல எனக்குத் தயக்கம், சாய அவருக்குத் தயக்கம். இருவரும் தயக்கத்தை விட்டபின் கடைசித் தூணுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம்.

* * *

பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் முகாமில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஏற மாட்டேன் என்று சொல்லும் குழந்தைக்கு அந்த நேரத்தில் என்ன வேலை தருவீர்கள்? கயிறு பிடிப்பது, முடிச்சு சரிபார்ப்பது என்று பதில் வந்தால் நல்லது. சவால் முடிந்ததும் உட்கார்ந்து பேச நேரம் உண்டா? எங்கள் மகளின் முகாமில் ஏறிய நேரமும் பேசிய நேரமும் ஏறக்குறைய சமம். அவள் உச்சிவரை போகவில்லை. அடுத்த முறையும் போகிறேன் என்று தோழிகள் இருவரின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறாள்.